சங்கதிக்கு வாங்க, கொழுந்தனாரே

மதினிக்கு எந்தக் கதையும் கடைசியிலிருந்துதான் வேண்டும். செய்தித்தாளைப் பிரித்தால் செய்தியின் இறுதிப் பத்தியில் தொடங்குவார். அது பிடித்திருந்தால் மட்டுமே மேலேறித் தலைப்புக்குப் போவார். இருக்கன்குடியில் அம்மன் முன்னால் எல்லாரும் கண்மூடி உருகி நிற்கையில், அவர் இரண்டு சொல்லில் வேண்டுதலை முடித்துக்கொண்டு பிரகாரம் சுற்றப் போய்விடுவார். "அவளுக்குத் தெரியாததையா நான் வெவரமாச் சொல்லப் போறேன்" என்பார். தொலைபேசியிலும் அப்படித்தான். பேச்சு முடிந்துவிட்டதென்று அவருக்குத் தோன்றிய கணத்தில் இணைப்பு அறுந்துவிடும்; மறுமுனையில் இருப்பவர் அதன் பின்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பார்.

யாராவது பேச்சைச் சுற்றி வளைத்தால் அவரிடமிருந்து ஒரே வாக்கியம் வரும்: "சங்கதிக்கு வாங்க."

உறவென்று பார்த்தால் அவர் எனக்கு ஒன்றும் ஆகமாட்டார். திருத்தங்கலில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. அவருடைய கணவரை நான் அண்ணன் என்று அழைத்தேன். ஆகவே அவர் மதினியானார், நான் கொழுந்தனானேன். அந்த முறை தந்த உரிமையில் என்னைக் கேலி செய்யாத நாள் அவருக்கு விடிந்ததில்லை. அப்போது நான் சிவகாசியில், காலண்டர் அச்சிடும் அச்சகமொன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். "ஊரு பூரா நீங்க திருத்துன ராகுகாலத்தப் பாத்துத்தான் வெளிய கெளம்புது. நீங்க என்னடான்னா நல்ல நேரம் முடிஞ்ச பெறகும் செருப்பத் தேடிக்கிட்டு இருக்கீக" என்பார்.

அண்ணன் அவருக்கு நேர்மாறு. ஊருக்கு வெளியே, கரிசல் காட்டின் ஓரத்தில், அவர்களுக்குச் சிறியதொரு பட்டாசு ஆலை இருந்தது. பூச்சட்டி ஒன்றுதான் அங்கே செய்தார்கள். ஊர்ப்பக்கம் புஸ்வாணம் என்று சொல்லப்படும் அதே பூச்சட்டி. மருந்துக் கலவை முழுவதும் அண்ணனின் பொறுப்பு. ஒரு கேள்விக்கு அவர் விடை சொல்ல வாய் திறப்பதற்குள், மதினி அந்தக் கேள்வியையும் அதை அடுத்து எழக்கூடிய கேள்விகளையும் தாமே தீர்த்து வைத்திருப்பார். இத்தகைய இருவர் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு காலந்தள்ளினர் என்று நான் வியந்ததுண்டு. பின்னர் விளங்கிற்று: அவர் பேசாத நேரமெல்லாம் இவருக்குப் பேச்சு நேரமாகக் கிடைத்துவந்தது.

மதினியின் அவசரம் வெறும் அவசரமன்று என்பதை நான் அறிந்துகொண்டது ஒரு திருமண வீடியோவால். எங்கள் தெருப் பெண்ணின் திருமணச் சிடியைப் பார்க்க அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் ரிமோட் மதினியின் கைக்கு வந்துவிட்டது. "தாலி கட்டுற எடம் எங்கன இருக்கு?" என்று அவர் படத்தை விரட்டத் தொடங்கினார். மணப்பெண்ணின் தாய் முகம் சுண்டிப் போனார். திடீரென்று மதினி நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், மறுபடியும் பார்த்தார். கெட்டிமேளத்துக்கு விரலசைத்துக் குறிப்புக் காட்ட வேண்டிய தாய்மாமன் பந்தி நடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாலி ஏறியதைக் கண்டு திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து ஆட்டுகிறார். மதினி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்தார். "இதுதான் கல்யாணம். மத்ததெல்லாம் சேலையும் சோறுந்தான்." அதன்பின் அந்த வீட்டார் வந்தவர்களுக்கெல்லாம் அந்த இடத்தையே முதலில் போட்டுக் காட்டினர்.

நான் சொல்ல வந்தது அந்த ஆண்டின் ஆடி மாதத்தைப் பற்றி.

எங்கள் பகுதியில் ஆடிப் பதினெட்டு அன்று பூசை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவது வழக்கம். அதற்குள் ஆர்டர் பிடிக்காத சிறிய ஆலை அந்தச் சீசனுக்குப் பிழைப்பது அரிது. அந்த ஆண்டு அண்ணனின் ஆலைக்கு ஆர்டரே வரவில்லை. பெரிய கம்பெனி ஒன்று, ஆலையைக் குத்தகைக்குக் கேட்டு மேலாளரை அனுப்பியிருந்தது. குத்தகைக்கு விட்டால் வேலையும் நடக்கும், கூலியும் கிடைக்கும். ஆனால் பெட்டியின்மேல் அவர்களுடைய லேபிள்தான் ஒட்டப்படும். மதினியின் லேபிளில் இருந்தது அவர்கள் மகளின் முகம். ஐந்து வயதில் இரட்டைப் பின்னலோடு எடுத்த படம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். லேபிளில் மட்டும் அவளுக்கு வயது ஏறவில்லை. "எங்க புள்ள மூஞ்சிய உரிச்சுட்டு இன்னொருத்தன் மூஞ்சிய ஒட்டச் சொல்றாக" என்றார் மதினி. அதைச் சொன்னபோது அவர் குரலில் வேகமில்லை. ஆடிப் பதினெட்டு அன்று விடை சொல்வதாக மேலாளரை அனுப்பி வைத்தார்.

அவர்களிடம் மீதமிருந்த நம்பிக்கை ஒரு புதிய பூச்சட்டி. அண்ணன் நெடுநாள் பாடுபட்டு உருவாக்கியது. முதலில் பொன்னிறப் பூ ஆளுயரத்துக்கு எழுந்து அடங்கும். எல்லாம் அணைந்து இருள் சூழும். பார்ப்பவர் திரும்பிப் போக எண்ணும் நேரத்தில், அதே சட்டியிலிருந்து வெள்ளிப் பூ முன்னதைவிட உயரமாகக் கிளம்பும். சேலத்து மொத்த வியாபாரி ஒருவர் முன்பெல்லாம் அவர்களிடம்தான் சரக்கெடுத்தார். முழங்கால் வலியால் அவ்வாண்டு நேரில் வர இயலாதென்றும், புதிதாக ஏதேனும் இருந்தால் சிடியில் எடுத்து அனுப்பும்படியும் அவர் சொல்லியிருந்தார்.

ஆகவே மதினி திருமண வீடியோக்காரரை அமர்த்தினார். அவர் தம் வழக்கப்படி எடுத்துக்கொண்டு வந்த படத்தில் முதலில் பிள்ளையார் சுழன்றார். பிறகு கம்பெனியின் பெயர் ரோசாப்பூவின் உள்ளிருந்து விரிந்தது. ஆலையின் வாயிற்கதவு மெல்லத் திறந்தது. அண்ணன் மேசையருகே அமர்ந்து தொலைபேசியை எடுத்துப் பேசினார். படம் முடியும் தறுவாயில் பூச்சட்டி தலைகாட்டியது. அதுவும் வண்ணமேதுமின்றி, சுண்ணாம்பைக் கொட்டியதுபோல ஒரு வெள்ளைக் கறையாக.

"ஏலே தம்பி, எங்க வீட்டு ஐயா யாருகிட்டப் பேசுறாரு அந்தப் போன்ல?"

"சும்மாக்கா. ஆர்டர் பேசுற மாதிரி. எல்லாக் கம்பெனிக்கும் இப்படித்தான் எடுக்கிறது."

"அவரு நேர்ல கேட்டாலே பதில் சொல்ல மாட்டாரு. போன்லயா பேசப் போறாரு? சேலத்துக்காரருக்கு இவரத் தெரியும்லே. இதப் பாத்ததுமே பொய்யின்னு சிடிய உருவிருவாரு."

"அப்ப என்ன செய்யணுங்கிறீக?"

"ஒரு சாயங்காலம். நீயும் ஒன் கேமராவும். பிள்ளையாரு, ரோசாப்பூ, கதவு எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. எனக்குப் பூச்சட்டி வேணும்."

நானும் என் பங்குக்கு, 'கண்டோர் விழி குளிரும் பொன்மாரி' என்று தொடங்கும் உரையொன்றை எழுதிக் கொண்டுபோனேன். அவர் முழுவதும் கேட்டார். அவரளவில் அது பெரும் மரியாதை. "நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே. ஆனா கண்ணால காட்டப் போறத வாயால எதுக்குச் சொல்லணும்?" என்றார். ஈற்றில் கம்பெனியின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் எஞ்சின. அந்த எண் திரையில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உட்கார்ந்திருந்த என்னை எழச்சொல்லி, "பேனாவத் தேடி எடுத்து, நான் சொல்ற நம்பர எழுதுங்க" என்றார். நான் பேனாவைத் தேடி, மூடியைக் கழற்றி, எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, வீடியோக்காரரிடம் திரும்பினார். "இம்புட்டு நேரம் நிக்கணும். இவரவிட மெதுவான ஆளு ஊருல கெடையாது."

படமெடுத்த மாலையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடல் பரபரக்கிறது. ஆலைக்கு அப்பாலிருந்த வெட்டவெளியில், மசங்கல் நேரத்தில் கூடினோம். கேமராவை நிறுத்தும் முக்காலி ஒரு திருமணத்துக்குப் போயிருந்தது. மதினி சுற்றுமுற்றும் பார்த்தார். தீயணைக்கும் மணல் நிறைந்த வாளி ஒன்றைத் தூக்கிவந்து கவிழ்த்து, குவிந்த மணலில் கேமராவை அழுத்தி உட்கார வைத்தார். அது மலைபோல் அசையாமலிருந்தது. பூச்சட்டி வைக்கும் இடத்தில் முதலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதைத் துலக்கமாகக் காட்டும்படி கேமராவைச் சரிசெய்து, பிறகு கேமராவுக்குள் புகும் ஒளியைக் குறைத்து, அது தானாக மாறாதபடி பூட்டிவிட வீடியோக்காரர் வழி சொன்னார். வெள்ளைக் கறைக்கு அதுவே மருந்தாயிற்று. பொன்னிறம் பொன்னாகவே விழுந்தது.

"எம்புட்டு உசரம்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மதினி. இருட்டில் உயரத்தை அளக்க ஏதுமில்லை. உடனே அண்ணனை வெள்ளை வேட்டியோடு சற்றுத் தள்ளி நிற்கவைத்தார். பூ எழும் வெளிச்சத்தில் அந்த வேட்டி அளவுகோலாக ஒளிர்ந்தது. "அசையாம நிக்கிறதுக்குன்னே பெறந்தவுக. இன்னைக்குத்தான் அது பிரயோசனப்படுது" என்றார். அண்ணன் சிரித்தார், சிரிப்பிலும் அசையவில்லை.

ஆனால் ஆடிக்காற்று எங்களோடு ஒத்துழைக்கவில்லை. முதற்சட்டியின் பூவைக் காற்று சாய்த்துக்கொண்டு போயிற்று. அடுத்ததில் பொன் எழுந்தது, அடங்கியது, வெள்ளி பற்றவேயில்லை. அதற்கடுத்ததும் அவ்வாறே. அண்ணன் செய்து உலர்த்தி வைத்திருந்த மாதிரிச் சட்டிகள் தீர்ந்து, கடைசியாக ஒன்று எஞ்சியது. வானம் மூடியிருந்தது, இன்னொன்று செய்து உலர்த்த நாளில்லை. அந்தக் கடைசிச் சட்டியை அண்ணன் தாமே பற்றவைத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போய் நின்றார். அச்சமயம் காற்று நின்றது. பொன் நிமிர்ந்து எழுந்தது. பொழிந்தது. அடங்கியது. இருள்.

அந்த இருளில் மதினியின் குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது:

"போச்சு... போச்சே..."

அதே கணத்தில் வெள்ளி சீறிக்கொண்டு கிளம்பியது. அண்ணனின் தலைக்கு மேல், வெளியோரத்து வேப்பமரத்தின் நுனிக்கு மேல் ஏறிற்று; கரிசல் காடு முழுவதும் பகலாயிற்று. மதினியின் வாயிலிருந்து சொல்லாக உருப்பெறாத ஓர் ஒலி வெளிப்பட்டது. வீடியோக்காரர் கேமராவை மறந்து கைதட்டினார். நல்லவேளையாக, மணலில் அழுந்தியிருந்த கேமராவுக்கு அவர் தயவு தேவைப்படவில்லை.

மறுநாள் படத்தைத் தொகுக்கையில், மதினி அந்த இருளை வெட்டச் சொன்னார். ஒன்றுமில்லாத இடத்தைச் சுமந்துகொண்டு திரிவது அவர் இயல்புக்கு ஒவ்வாதது. அதைவிட, சீசன் தொடங்கும் நேரத்தில் கடைக்குப் போகும் சிடியில் 'போச்சு' என்ற சொல் இருக்கலாமா? வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். விளக்கை அணைப்பதைக்கூட 'அமர்த்துவது' என்று சொல்லிப் பழகியவர். இருளும் சொல்லும் ஒருசேரப் போயின. பொன் அடங்கியதும் வெள்ளி எழுந்தது. பார்க்க அழகாயிருந்தது. சேலம் செல்லும் பேருந்தின் ஓட்டுநரிடம் சிடியைக் கொடுத்தனுப்பினோம்.

சேலத்தார் குரல் தொலைபேசி இல்லாமலேயே கேட்கக்கூடியது. அடுத்த நாளே அது வீட்டுக் கூடம் முழுவதும் நிறைந்தது. "ஏனுங்கம்மா, ரெண்டு சட்டிய வச்சு ஒட்டிப் போட்டா எனக்குத் தெரியாதுங்களா? பழகினவங்களே இப்படிப் பண்ணலாங்களா?"

மதினி விளக்கத் தொடங்கினார். மறுமுனையில் இணைப்பு அறுந்தது. அவர் வாழ்வில் முதன்முறையாக, பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்பட்டவராக அவர் நின்றதைக் கண்டேன்.

"வெட்டுனதுதான் தப்பு" என்றார் ரிசீவரை வைத்துவிட்டு. "ஒரே சட்டின்னு அந்த இருட்டுத்தான் சாட்சி. சாட்சியக் கொன்னுட்டேன்." ஆனால் 'போச்சு' என்ற சொல்லை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இருள் இருக்கட்டும், ஒலியை மட்டும் நீக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. வீடியோக்காரர் அவ்வாறே செய்து கொண்டுவந்தார். அண்ணனை அழைத்துவந்து எல்லாரும் உட்கார்ந்தோம். பொன் எழுந்து அடங்கியது. திரை இருண்டது. ஓசையில்லை. அண்ணன், அந்தப் பூச்சட்டியைத் தம் கையால் செய்த அதே அண்ணன், எழுந்து போய்ச் சிடி பிளேயரின் தலையில் ஓங்கித் தட்டினார்.

"சிக்கிக்கிருச்சு" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் வெள்ளிப் பூவை யாரும் பார்க்கவில்லை. மதினிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். கீறல் விழுந்த சிடிகள் அடிக்கடி சிக்கிக்கொண்ட காலம் அது. சேலத்திலும் யாரேனும் பிளேயரைத் தட்டுவார். இல்லையேல் சிடியை உருவிவிடுவார். இருளில் ஏதேனும் ஓர் ஒலி இருந்தாக வேண்டும். 'சற்றே பொறுத்திருங்கள்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். "வருதுன்னு சொல்லிட்டா அப்பறம் வந்து என்ன, வராட்டி என்ன?" என்றார். நாகசுரம் சேர்த்துப் பார்த்தார்கள். ரோசாப்பூ திரும்பி வந்ததுபோலிருந்தது. கடைசியில் மதினி பூசையறைக்குப் போய், வழக்கம்போல இரண்டு சொல்லில் வேண்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங் கொரலே இருக்கட்டும். அபசகுனம்னா என்னோட போகட்டும். நெசமாத்தான சொன்னேன்."

வெட்டாத படம் அன்று மாலைப் பேருந்தில் சேலத்துக்குப் போயிற்று.

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஆலையில் பூசை. பெரிய கம்பெனியின் மேலாளர் முன்னதாகவே வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். சர்க்கரைப் பொங்கல் இலையில் இருந்தது. கற்பூரம் காட்டி முடிக்கையில் தொலைபேசி அடித்தது. மதினி எடுத்தார்.

சேலத்தார் நேரே விசயத்துக்கு வரவில்லை. பேருந்து தாமதமாக வந்ததைச் சொன்னார். சேலத்தில் மழையென்றார். முழங்காலுக்கு யாரோ சொன்ன எண்ணெயைப் பற்றிச் சொன்னார். நான் மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. "ஆமாங்க", "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, ரிசீவரை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார்.

"அதுல போச்சு போச்சுன்னு ஒரு அம்மா சொல்றாங்களே, அது யாருங்க?"

"நாந்தாங்க."

"நடிப்பில்லையே?"

"நடிக்கத் தெரிஞ்சா பூச்சட்டி எதுக்குங்க செய்றோம்?"

அந்தப் பக்கத்திலிருந்து பெருஞ்சிரிப்பொன்று எழுந்தது. "நீங்க சொன்னதும் எங்க வீட்டுல அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டோமுங்க. எஞ்சம்சாரம் அச்சச்சோன்னுட்டா. அப்பறம் பாத்தா அந்த வெள்ளி. இந்தச் சீசனுக்கு நீங்க அதுல எத்தனை செஞ்சாலும் எனக்கே அனுப்பிடுங்க. உங்க பாப்பா படம் போட்ட லேபிளோடதானுங்களே வரும்?"

மதினி சுவரோரம் அடுக்கியிருந்த லேபிள் கட்டைத் திரும்பிப் பார்த்தார். "அதோடதாங்க" என்றார். பிறகு ரிசீவரை வைக்காமல், சேலத்தார் தாமே வைக்கும் வரை காத்திருந்தார். மேலாளரின் பக்கம் திரும்பி, "வேணாங்க" என்றார். அவர் எழப்போனபோது, "பொங்கல் ஆறிப் போகுது. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று இலையை அவர் பக்கம் நகர்த்தினார்.

வெள்ளி தவறாமல் பற்றும்வரை அண்ணன் கலவையைத் திருத்திக்கொண்டேயிருந்தார்; அதன் பிறகே சரக்கு சேலம் போயிற்று. அந்தச் சிடி உள்ளூர்க் கேபிளிலும் ஓடியது. தீபாவளியன்று விளக்கு வைத்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரோ அந்தப் பூச்சட்டியைக் கொளுத்தினர். நாங்கள் வாசலில் நின்றிருந்தோம். பொன் எழுந்து அடங்கியது. இருள் சூழ்ந்ததும், தெருப் பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில், மதினியின் அதே இழுப்போடு, "போச்சு... போச்சே..." என்று கத்தினர். வெள்ளி கிளம்பியது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் தோள்கள் குலுங்கின.

அண்ணன் நெடுநேரம் யோசித்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "ஒனக்குத்தான் காத்திருக்கப் பொறுக்காதே. அடுத்த சீசனுக்கு அந்த இருட்டக் கொஞ்சம் கொறச்சுருதேன்."

மதினி சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"அந்த இருட்டுல கைய வச்சீகன்னா பாத்துக்கோங்க. சங்கதியே அதுலதான் இருக்கு."